பின்காட்டும் கண்ணாடியில் ஒரு சாலை: லெ மான் பந்தயத் தடத்தில் ஒரு பயணம்

பாரிஸிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், சார்த் ஆற்றங்கரையில் அமைந்திருக்கிறது லெ மான் நகரம். அதன் தெற்கு எல்லையில் கிளம்பும் சில சாலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் சரக்கு லாரிகளும் வேலைக்குச் செல்வோரின் கார்களும் ஓடும் சாதாரண மாவட்டச் சாலைகளாகவே இருந்து, கோடையில் சில நாள்கள் மட்டும் பொதுப் போக்குவரத்துக்கு அடைக்கப்பட்டு, உலகில் இன்றும் நடந்துவரும் மிகப் பழைய நெடுநேரக் கார்ப் பந்தயத்தின் களமாகின்றன. நெடுநேரப் பந்தயம் என்பதில் தூரம் முன்கூட்டி வரையறுக்கப்படுவதில்லை. 24 மணி நேரம் என்ற கால அளவு மட்டுமே நிலையானது, அந்த நேரத்துக்குள் அதிகத் தூரம் ஓடிய கார் வென்றதாகக் கொள்ளப்படும். இப்பந்தயத்தில் இரு வகைக் கார்கள் ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. பந்தயத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டு, வேறெந்தப் பயனும் கருதாமல் கட்டப்படுபவை முன்மாதிரிக் கார்கள். கடையில் விற்கப்படும் சாலைக் காரிலிருந்து உருவாக்கப்படுபவை கிராண்ட் டூரிங் கார்கள், சுருக்கமாக ஜிடி கார்கள். நெடுந்தூரத்தை விரைவாகவும் களைப்பின்றியும் கடப்பதற்காகச் செய்யப்பட்ட இரண்டு கதவு மூடுகார் என்பதே கிராண்ட் டூரிங் என்ற பெயரின் பழைய பொருள்.

லெ மான் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி ஒட்டுமொத்த வெற்றியாளர்களைப் பற்றியது. அவர்கள் அனேகமாக முன்மாதிரிக் கார்களை ஓட்டியவர்கள். ஜிடி ஓட்டுநர்களின் நினைவுகள் வேறு வகையானவை என்பதும், இந்தத் தடத்தை உள்ளபடி அறிய விரும்பும் பயணிக்கு அவையே கூடுதலாக உதவுகின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்து. வேகமான கார்களுக்கு வழிவிட்டுக்கொண்டே தன் பிரிவில் தானும் போட்டியிட வேண்டிய ஓட்டுநர், முன்னால் உள்ள சாலையைப் பார்க்கும் அளவுக்குப் பின்காட்டும் கண்ணாடியையும் பார்த்தாக வேண்டும். அதனால் அவர் நினைவில் இந்தச் சாலை இரு திசைகளிலும் பதிந்திருக்கிறது.

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து புறப்படும் அதிவேக ரயில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் லெ மானை அடைந்துவிடுகிறது. பந்தயத்தை மட்டுமே கேள்விப்பட்டு வருபவருக்கு இந்நகரின் பழமை எதிர்பாராதது. ஆற்றை நோக்கிய மேட்டில், செங்கல்லும் வெவ்வேறு நிறக் கற்களும் கலந்து அடுக்கி வடிவங்கள் தீட்டப்பட்ட ரோமானியக் கோட்டைச் சுவர் நீண்டு நிற்கிறது. அதன் மேலே மரச்சட்டங்கள் வெளியே தெரியும் இடைக்கால வீடுகளுக்கு நடுவே புனித ஜூலியன் பேராலயம் எழுகிறது. இங்கிலாந்தின் அரசனாகப் பின்னாளில் முடிசூடிய இரண்டாம் ஹென்றி 1133இல் பிறந்தது இவ்வூரில்தான். மோட்டார் வாகன வரலாற்றிலும் இந்நகரின் பெயர் பந்தயத்துக்கு மிக முன்பே இடம்பெற்றுவிட்டது. இங்கே மணி வார்ப்பதைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த பொலே குடும்பத்தைச் சேர்ந்த அமெதே பொலே 1873இல் நீராவியால் ஓடும் பயணிகள் வண்டியொன்றைச் செய்து முடித்தார். 1906இல் நடந்த முதல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயம் இந்நகருக்குக் கிழக்கே, 103 கிலோமீட்டர் நீளமுள்ள முக்கோண வடிவச் சாலைத் தடத்தில் ஓடியது. பந்தயம் தற்செயலாக இவ்வூருக்கு வந்துவிடவில்லை. இயந்திரங்களில் ஆர்வம் ஊறிய ஓர் ஊரின் தொடர்ச்சியாகவே அது வந்தது.

24 மணி நேரப் பந்தயம் 1923ஆம் ஆண்டு மே மாதம் 26, 27 ஆகிய நாள்களில் முதன்முறையாக நடத்தப்பட்டது. மேற்கு மோட்டார் கழகத்தின் செயலாளர் ஜார்ஜ் துரான், பத்திரிகையாளர் ஷார்ல் ஃபரூ, ரட்ஜ்-விட்வர்த் சக்கர நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளையைச் சேர்ந்த எமில் கொக்கீல் ஆகிய மூவரும் இதற்கு வித்திட்டவர்கள். வேகத்தை மட்டும் அளக்கும் கிராண்ட் பிரீ போட்டிகள் சாலைக் கார் வாங்குபவருக்கு எதையும் சொல்வதில்லை என்பதும், விளக்குகள் இரவெல்லாம் எரிகின்றனவா, என்ஜின் ஒரு நாள் முழுதும் தாங்குகிறதா என்பவற்றையே சோதிக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய நோக்கம். 33 கார்கள் கிளம்பி 30 கார்கள் முடித்த அந்த முதல் பந்தயத்தில், ஷெனார் வால்க்கர் காரில் ஆந்திரே லகாஷ், ரெனே லெயோனார் இணை 2,200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடி முதலிடம் பெற்றது. அந்தப் பந்தயத்தின் கார்கள் எல்லாமே சாலைக் கார்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஜிடி பிரிவு பந்தயத்தின் ஓரத்தில் பிற்பாடு ஒட்டப்பட்ட சேர்க்கை என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், நிறுவியவர்களின் நோக்கத்துக்கு மிக அருகில் நிற்பது அதுவே.

நகரின் நடுவே, புனித நிக்கோலஸ் பகுதியின் நடைபாதைகளில், வெற்றியாளர்களின் கைப்பதிவுகள் கொண்ட வெண்கலத் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அருகிலுள்ள குடியரசுச் சதுக்கத்தில் பந்தயத்துக்கு முந்திய நாள்களில் ஒவ்வொரு காரும் மக்கள் முன்னிலையில் எடைபோடப்பட்டுச் சோதிக்கப்படுவதும், பந்தயத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஓட்டுநர்கள் பழைய திறந்த கார்களில் ஊர்வலமாக வருவதும் வழக்கம். தகடுகளில் இருப்பவர்கள் ஒட்டுமொத்த வெற்றியாளர்கள் மட்டுமே. தன் பிரிவை வென்ற ஜிடி ஓட்டுநர் ஊர்வலத்தில் இடம்பெறுவார், நடைபாதையில் இடம்பெற மாட்டார்; நூறாண்டுப் பந்தயத்தின் நினைவு எவ்வாறு வடிகட்டப்படுகிறது என்பதை இந்தத் தெருக்களிலேயே காணலாம்.

ரயில் நிலையத்திலிருந்து தெற்கே செல்லும் டிராம் வண்டி பந்தய வளாகத்தின் அருகே கொண்டுவிடுகிறது. வளாக வாயிலில் உள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்த பின், தடத்தின் மூடிய பகுதியை வேலிக்கு வெளியே நின்று காணலாம். இன்றைய தடத்தின் நீளம் 13.626 கிலோமீட்டர். பிட் எனப்படும் பராமரிப்புக் கூடங்களின் முன்னுள்ள நேர்ப்பகுதியும், டயர் வடிவில் வளைந்து நிற்கும் டன்லப் நடைபாலத்தின் கீழே ஏறி இறங்கும் வளைவுகளும், கடைசியில் வரும் போர்ஷே வளைவுகளும் ஃபோர்டு வளைவும் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்டவை. நடுவில் உள்ள பெரும்பகுதி பொதுச்சாலை. வாடகைக்கு ஒரு கார் எடுத்து, வேக வரம்பை மீறாமல், எவரும் அதில் ஓட்டிச் செல்லலாம்.

அச்சாலையில் இறங்கும் முன் ஓட்டுநரின் வேலை எப்படிப் பகுக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இன்று ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள். எந்த ஆறு மணி நேரத்திலும் ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. மொத்தமாகப் பதினான்கு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஒரு தடவை நிரப்பிய எரிபொருள் தீரும்வரை ஓடும் பகுதியை ஒரு முறை என்று கணக்கிடுகிறார்கள். ஜிடி காருக்கு அது ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரே ஓட்டுநர் இரண்டு மூன்று முறைகளைத் தொடர்ந்து ஓட்டுவதுண்டு. விதிகள் இவ்வளவு கண்டிப்பாவதற்கு முன் நிலைமை வேறு. 1950இல் எடி ஹால் என்ற ஆங்கிலேயர் ஒரு பென்ட்லி காரில் 24 மணி நேரத்தையும் தனியொருவராக ஓட்டி எட்டாவதாக முடித்தார். 1952இல் பியர் லெவே தன் டால்போ காரில் இணை ஓட்டுநரிடம் ஸ்டியரிங்கைத் தராமல் நாளின் பெரும்பகுதியை ஓட்டி, முதலிடத்தில் சென்றுகொண்டிருந்தபோது கடைசி மணிகளில் என்ஜின் உடைந்து நின்றார். தனியே ஓட்டுவது வீரமெனக் கருதப்பட்ட அந்தக் காலம் முடிந்ததில் இழப்பேதும் இல்லை. ஒரே இருக்கையை மூவர் பகிர்ந்துகொண்டு, பிரேக்கையும் கியரையும் அடுத்தவருக்காகப் பாதுகாத்து ஒப்படைக்கும் ஒழுக்கமே நெடுநேரப் பந்தயத்தின் சிறப்பு.

மூடிய பகுதி முடிந்து பொதுச்சாலை தொடங்கும் இடம் தெர்த்ர் ரூஜ் என்னும் வலதுபுற வளைவு. அதற்குப் பின் வருவது நெடிய நேர்சாலை என்பதால், இங்கே சற்று முன்னதாக வேகத்தைக் கூட்டும் ஓட்டுநருக்கு அடுத்த சில கிலோமீட்டர்களும் ஆதாயம். அதனால் எல்லோரும் வளைவின் வெளி ஓரம்வரை காரை விரியவிடுகிறார்கள். 2013 ஜூன் 22 அன்று, பந்தயம் தொடங்கிய சில நிமிடங்களில், ஆஸ்டன் மார்ட்டின் ஜிடி காரை ஓட்டிய டென்மார்க் வீரர் ஆலன் சிமோன்சன் இவ்விடத்தில் தடுப்பில் மோதி உயிரிழந்தார். அவருடைய குடும்பத்தாரின் விருப்பப்படி அவரது அணி பந்தயத்தைத் தொடர்ந்தது. அந்த ஆண்டு ஒட்டுமொத்த வெற்றி பெற்றுத் தன் ஒன்பதாவது லெ மான் வெற்றியை எட்டிய டாம் கிறிஸ்டென்சனும் டென்மார்க்கைச் சேர்ந்தவர்; அவர் அவ்வெற்றியைச் சிமோன்சனின் நினைவுக்கு உரித்தாக்கினார். இந்த வளைவைக் கடக்கும் பயணி வண்டியை ஓரமாக நிறுத்திச் சற்றுநேரம் நிற்பது தகும்.

இங்கிருந்து தெற்கே முல்சான் கிராமத்தை நோக்கி ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடும் சாலை, யுனோதியேர் நேர்சாலை என்று பிரெஞ்சுக்காரர்களாலும் முல்சான் நேர்சாலை என்று பிறராலும் அழைக்கப்படுகிறது. அரசுப் பதிவில் அது மாவட்டச் சாலை 338. இருபுறமும் மரங்களும், இடையிடையே வீடுகளும் கடைகளும் உணவகங்களும் வருகின்றன. பந்தயச் சாலை என்பதற்கு ஓரத்திலுள்ள இரட்டை அடுக்கு இரும்புத் தடுப்பைத் தவிர வேறு அடையாளம் குறைவு. சாலையின் அருகில் உள்ள யுனோதியேர் குதிரைப் பந்தயத் திடலில்தான் 1908 ஆகஸ்ட் 8 அன்று வில்பர் ரைட் ஐரோப்பாவில் முதன்முறையாக மக்கள் முன்னிலையில் விமானம் ஓட்டிக் காட்டினார். அந்த விமானத்தைப் பொருத்திச் சீராக்க அவருக்கு இடம் தந்தவர் அமெதே பொலேயின் மகன் லெயோன் பொலே. குதிரையும் விமானமும் காரும் ஒரே சமவெளியின் சில கிலோமீட்டர்களுக்குள் இப்படி வந்து சேர்ந்திருப்பது வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காது.

இந்த நேர்சாலையில் 1988ஆம் ஆண்டு ரொஜே தொர்ஷி ஓட்டிய முன்மாதிரிக் கார் மணிக்கு 405 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. 2 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நேர்சாலை எந்தத் தடத்திலும் இருக்கக்கூடாது என்று உலக மோட்டார் விளையாட்டு அமைப்பு விதித்ததால், 1990இல் இரண்டு இடங்களில் சிக்கேன் எனப்படும் வேகத்தடை வளைவுகள் சேர்க்கப்பட்டன. பொதுச்சாலையில் செல்பவர் அவற்றைத் தொடாமல் நேராகப் போய்விடலாம். பக்கவாட்டில் பிரிந்து மீண்டும் சேரும் கருந்தார்ப் பட்டைகளாக அவை கண்ணில் படும்.

ஜிடி ஓட்டுநரின் நினைவு முழுமையாகப் புரிவது இந்தச் சாலையில்தான். இன்றைய முன்மாதிரிக் கார் பந்தயத்தின்போது ஒரு சுற்றை ஏறத்தாழ மூன்றரை நிமிடத்தில் முடிக்க, ஜிடி காருக்கு நான்கு நிமிடம் ஆகிறது என்று கொண்டால், சுற்றுக்கு அரை நிமிடம் வேறுபாடு. அதாவது ஒவ்வொரு முன்மாதிரிக் காரும் அரை மணிக்கு ஒருமுறை அந்த ஜிடி காரைப் பின்னாலிருந்து வந்து தாண்டும். முதல் பிரிவில் இருபது கார்கள் ஓடும் ஆண்டில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது தாண்டிச் செல்வார்கள். முன்மாதிரிகளிலேயே சற்று வேகம் குறைந்த நடுப்பிரிவுக் கார்கள் இதற்கு மேல். ஒரு நாள் முழுக்க இப்படித் தாண்டப்பட்டுக்கொண்டே, தன் பிரிவில் தனக்கு முன்னும் பின்னும் ஓடுபவருடன் நொடிக்கணக்கில் போட்டியிட வேண்டும். வழிவிடுவதில் ஒரு கணம் பிசகினால் நேரம் போகும். பிரேக் பிடிக்கும் இடத்தில் பிசகினால் இரண்டு கார்களும் போகும்.

பகலில் இதைச் சமாளிக்கலாம். இரவில் கண்ணாடியில் தெரிவது வெளிச்சம் மட்டுமே. அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்பதை அந்த ஒளிப்புள்ளிகளின் விரிவை வைத்தே கணிக்க வேண்டும். முன்மாதிரிக் கார்களுக்கு வெள்ளை விளக்கும் ஜிடி கார்களுக்கு மஞ்சள் விளக்கும் என்ற ஏற்பாடு நெடுங்காலம் இருந்ததன் காரணம் இதுவே: வருவது வழிவிட வேண்டிய காரா, தடுக்க வேண்டிய போட்டியாளரா என்பதை நிறம் சொல்லிவிடும். 2013 முதல் கார்வெட் அணி ரேடார் கருவியைப் பின்புறக் காமிராவோடு இணைத்து, நெருங்கும் காரின் வேகத்தையும் அது எந்தப் பக்கம் வருகிறது என்பதையும் அம்புக்குறிகளாகத் திரையில் காட்டும் முறையைப் பயன்படுத்தத் தொடங்கியது. கருவி வந்தபின் வேலை எளிதாகிவிட்டது என்று எண்ணுவது பிழை. முடிவு எடுப்பது இன்னும் மனிதர்தான்.

கார்களின் வேகம் இவ்வளவு விலகியிராத காலமும் இங்கே இருந்தது. 1938இல் கிரேக்க வங்கியாளர் ஒருவருக்காகக் காற்றைக் கிழிக்கும் உடலமைப்போடு செய்யப்பட்ட எம்பிரிகோஸ் பென்ட்லி என்னும் மூடுகார், பல்லாயிரம் மைல் சாலைகளில் ஓடிய பின்பு 1949இல் இப்பந்தயத்தில் கலந்துகொண்டு ஆறாவதாக வந்தது. 1962இல் ஃபெராரி 250 ஜிடிஓ காரில் பியர் நோப்ளேயும் ஜான் கிஷேயும் ஒட்டுமொத்தத்தில் இரண்டாமிடம் பெற்றார்கள். அடுத்த ஆண்டும் அதே வகைக் காரே இரண்டாவதாக வந்தது. 1964இல் பீட்டர் பிராக் வடிவமைத்த ஷெல்பி டேட்டோனா மூடுகாரில் டான் கர்னியும் பாப் பாண்டுரன்ட்டும் நான்காவதாக முடித்து, ஜிடி பிரிவில் ஃபெராரி கார்களைப் பின்தள்ளினார்கள். வேக வரம்புக்குக் கட்டுப்பட்டு இன்று இந்த நேர்சாலையைக் கடக்கும் பயணிக்கு, மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள், பெல்ட்டைப் பொருட்படுத்தாத காலத்தில், நள்ளிரவில் அதன் முழு நீளத்தையும் காலை எடுக்காமல் அழுத்திச் சென்றவர்களைப் பற்றிய மதிப்பு உயராமல் இராது.

நேர்சாலையின் முடிவில், முல்சான் கிராமத்தின் வாயிலில் கூர்மையான வலதுபுறத் திருப்பம் வருகிறது. இங்கே 2012இல் ஆண்டனி டேவிட்சன் ஓட்டிய டொயோட்டா முன்மாதிரிக் கார் ஒரு ஜிடி ஃபெராரியுடன் உரசிக் காற்றில் எழும்பிப் புரண்டது. டேவிட்சனின் முதுகெலும்பில் இரு கண்ணிகள் முறிந்தன. அதற்கு முந்திய ஆண்டும் முன்மாதிரிக் காரும் ஜிடி காரும் உரசிய இரண்டு பெரும் விபத்துகள் நடந்தன. இரு பிரிவுகளையும் ஒன்றாக ஓடவிடக்கூடாது என்று அப்போதெல்லாம் எழுந்த வாதம் ஏற்கப்படவில்லை. ஏற்கப்பட்டிருந்தால் இது வேறொரு பந்தயமாகியிருக்கும். தமிழ் வாசகர்களுக்கு 2012 வேறொரு வகையிலும் நினைவுக்குரியது: சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் முன்மாதிரிக் காரொன்றில் இந்த 24 மணி நேரப் பந்தயத்தை ஓட்டிய முதல் இந்தியராகி, ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக முடித்தார். 2009இலேயே கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயன் பதிவுசெய்யப்பட்டிருந்தும், பந்தயம் தொடங்கும் முன் தோள்மூட்டு விலகியதால் ஓட்ட முடியாமற் போனது.

முல்சானிலிருந்து சாலை மேற்கே திரும்பிக் காட்டுக்குள் நுழைகிறது. மாவட்டச் சாலை 140 என்ற எண்ணுள்ள இந்தப் பகுதி பார்வையாளர் மேடைகள் இல்லாதது. மேடு பள்ளமாக ஏறியிறங்கி, இண்டியானாபொலிஸ் எனப்படும் இரட்டை வளைவிலும், தடத்திலேயே மிக மெதுவான ஆர்னாஜ் திருப்பத்திலும் முடிகிறது. பல ஓட்டுநர்கள் இரவைப் பற்றிப் பேசும்போது குறிப்பிடுவது இந்தக் காட்டையே. என்ஜின் ஓசை மரங்களில் பட்டுத் திரும்புவது, ஆர்னாஜை நெருங்கும்போது முகாமிட்டிருக்கும் பார்வையாளர்களின் அடுப்புகளில் வாட்டப்படும் இறைச்சியின் மணம் மூடிய காருக்குள்ளும் வந்துவிடுவது, விடியற்காலையில் ஈரப்பனி சாலையின் பள்ளங்களில் தங்குவது ஆகியவை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் இரவு பத்து மணியளவில்தான் மறைந்து காலை ஆறு மணியளவில் மீண்டும் எழுகிறது. இருட்டு குறுகியது, ஆனால் உடல் தூக்கத்தைக் கேட்கும் நேரமெல்லாம் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. விடிந்தபின் குளிர்ந்த காற்றில் என்ஜின் நன்றாக மூச்சுவிடுவதும், இரவெல்லாம் படிந்த டயர் ரப்பரால் சாலையின் பிடிப்பு கூடியிருப்பதும் ஓட்டுநர்களுக்கு மிகப் பிடித்த வேளை அதுவெனச் சொல்லவைக்கின்றன.

மழை பெய்தால் இக்கணக்குகள் யாவும் மாறிவிடும். சாலைக் காரின் வழித்தோன்றல்கள் ஒட்டுமொத்த வெற்றியை எட்டிய பந்தயங்களில் இரண்டு, 1979உம் 1995உம், நனைந்த பந்தயங்கள். 1979இல் போர்ஷே 911இலிருந்து உருவான 935 கார் ஒன்றில் கிளாவுஸ் லூட்விக்கும் விட்டிங்டன் சகோதரர்களும் வென்றனர். மற்றொரு 935இல் இரண்டாவதாக வந்த மூவரில் ஒருவர் ஹாலிவுட் நடிகர் பால் நியூமன், அப்போது அவருக்கு வயது 54. திரைப்படமொன்றில் பந்தய வீரராக நடிக்கப் பயிற்சி எடுத்த பின்பே ஓட்டத் தொடங்கியவர் அவர். நடிகர்கள் பந்தயம் ஓட்டுவதை விளம்பரம் என்று தள்ளிவிடுவோர் இந்த முடிவைக் கணக்கில் கொள்ள வேண்டும். 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேர ஜிடி பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, தமிழ்நாட்டில் பலர் முதன்முறையாக நெடுநேரப் பந்தயத்தின் விதிகளைத் தேடிப் படித்தார்கள். அவர்களுக்கு நியூமனின் அந்தப் பந்தயம் நல்ல துணைப்பாடம்.

1995ஆம் ஆண்டின் கதை இன்னும் விரிவாகச் சொல்லத் தக்கது. மெக்லாரன் எஃப்1 பந்தயத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. கார்டன் மர்ரி அதைச் சாலைக் காராகவே வடிவமைத்தார். ஓட்டுநர் நடுவிலும், பயணிகள் இருவர் அவருக்கு இருபுறமும் சற்றுப் பின்னாலும் அமரும் மூன்று இருக்கை அமைப்பு. பின்னால் பிஎம்டபிள்யூவின் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின். அதை வாங்கிய சிலரின் வற்புறுத்தலால் பந்தய வடிவம் உருவாக்கப்பட்டபோது, என்ஜினுக்குள் செல்லும் காற்றின் அளவை விதிகள் கட்டுப்படுத்தியதால், பந்தயக் காரின் திறன் சாலைக் காரின் திறனைவிடக் குறைந்தது. இத்தகைய கார் முன்மாதிரிகளை வெல்லும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. பந்தய நேரத்தின் பெரும்பகுதியில் மழை நிற்கவில்லை. முன்மாதிரிக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயின, வழுக்கின, மோதின.

அந்த இரவில் ஃபின்லாந்தின் ஜேஜே லெத்தோ ஓட்டிய விதம் இன்றும் பேசப்படுகிறது. நீர்த்தேக்கங்களின் மேல் டயர்கள் தரையைத் தொடாமல் மிதக்கும் நிலையில் மற்றவர்கள் காலை எடுத்த இடங்களில், காரைப் பக்கவாட்டில் நழுவவிட்டுப் பிடித்துக்கொண்டு, சுற்றுக்குப் பல நொடிகள் வேகமாக ஓடி, இழந்திருந்த நேரத்தை அவர் மீட்டார். அவருடைய இணை ஓட்டுநர்கள் யானிக் தல்மாசும் மசனோரி செகியாவும். செகியா இப்பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானியர். 298 சுற்றுகளில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய அவர்களது கார் வென்றது. முதல் நாள் மாலையில் சுவரில் மோதிப் பல சுற்றுகளை இழந்த மாரியோ ஆந்திரெத்தியின் குராஜ் முன்மாதிரிக் கார் துரத்தி வந்து ஒரு சுற்று வித்தியாசத்தில் இரண்டாவதாக நின்றது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் இடங்களிலும் மெக்லாரன்களே வந்தன.

மூன்றாவதாக வந்த மெக்லாரனில் டெரிக் பெல், அவர் மகன் ஜஸ்டின் பெல், ஆண்டி வாலஸ் ஆகியோர் இருந்தார்கள். இப்பந்தயத்தை ஐந்து முறை வென்றிருந்த தந்தைக்கு அப்போது 53 வயது; ஆறாவது வெற்றி மகனோடு சேர்ந்து கிடைக்கும் என்ற நிலையில், ஞாயிற்றுக்கிழமை பல மணி நேரம் அவர்கள் முதலிடத்தில் ஓடினார்கள். கிளட்ச் கோளாறால் கியர் மாற்றுவது வரவரக் கடினமாகி, முடிவுக்குச் சற்று முன் முதலிடம் கைநழுவியது. அன்று தந்தையர் தினம். வென்ற ஐந்து பந்தயங்களைவிட இந்த மூன்றாமிடத்தைப் பற்றியே தந்தையும் மகனும் அதிகம் கேட்கப்பட்டிருக்கிறார்கள் என்றால் அது இயல்பே. ஒரே இருக்கையை மாறி மாறிப் பகிர்ந்து, தான் எழுந்த இடத்தில் மகன் அமர்ந்து மழைக்குள் மறைவதைப் பார்த்து நிற்கும் வாய்ப்பு வேறெந்த விளையாட்டில் ஒரு தந்தைக்குக் கிட்டும்?

ஆர்னாஜிலிருந்து வடக்கே திரும்பும் பழைய சாலை, வெள்ளை வீடு என்று பெயர் பெற்ற பண்ணை வீட்டை ஒட்டிச் சென்றது. அவ்விடத்தின் அபாயத்தைத் தவிர்க்கவே 1972இல் போர்ஷே வளைவுகள் கட்டப்பட்டன. ஓட்டுநர்கள் சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்து காரில் ஏறிக் கிளம்பும் மரபு நிலவிய 1969இல், பெல்ட் மாட்ட நேரம் தராத அந்த முறையை எதிர்த்து ஜாக்கி இக்ஸ் நடந்தே சென்று, பெல்ட்டை ஒழுங்காகப் பூட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாகக் கிளம்பினார். முதல் சுற்றிலேயே இந்த வெள்ளை வீட்டருகே ஜான் வுல்ஃப் தன் போர்ஷே 917 புரண்டு இறந்தார். அவர் பெல்ட் மாட்டியிருக்கவில்லை. கடைசியாகக் கிளம்பிய இக்ஸ், ஜாக்கி ஆலிவருடன் சேர்ந்து, நூறு மீட்டருக்குச் சற்றே கூடுதலான இடைவெளியில் அப்பந்தயத்தை வென்றார். அடுத்த நாள் பாரிஸ் செல்லும் சாலையில் ஷார்த்ர் நகரருகே குறுக்கே வந்த காரொன்றால் இக்ஸின் சொந்தக் கார் நொறுங்கியும், பெல்ட் அணிந்திருந்த அவர் காயமின்றி இறங்கினார். 1970இல் ஓட்டுநர்கள் காருக்குள் பெல்ட்டுடன் அமர்ந்தே பந்தயத்தைத் தொடங்கினார்கள்.

தடத்தின் கடைசியில் உள்ள ஃபோர்டு வளைவுகளையும் நிறைவுக் கோட்டையும் வளாகத்தின் மேடைகளிலிருந்து காணலாம். 2017இல் ஜிடி பிரிவின் முடிவு இங்கேதான் தீர்மானமாயிற்று. 23 மணி நேரத்துக்கு மேல் ஓடிய பின்னும் ஜோர்டன் டெய்லரின் கார்வெட்டும் ஜானதன் ஆடமின் ஆஸ்டன் மார்ட்டினும் ஒன்றையொன்று ஒட்டியே வந்தன; கடைசிச் சுற்றுக்கு முந்திய சுற்றில் கார்வெட் தடம் விலகிச் சரளையில் இறங்கித் திரும்ப, அதன் டயர் காற்றிழந்தது; கடைசிச் சுற்று தொடங்கும் நேர்ப்பகுதியில் ஆடம் அதைத் தாண்டினார். ஒட்டுமொத்த வெற்றியாளர் அந்த ஆண்டு ஒரு சுற்று முன்னிலையோடு முடித்தார். அன்று மேடைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தது நடைபாதைத் தகட்டில் இடம்பெறாத அந்தப் போட்டியைத்தான்.

ஜிடி பிரிவில் தொழில்முறை ஓட்டுநர்களோடு, சொந்தத் தொழிலில் சம்பாதித்து ஆர்வத்தால் ஓட்டவரும் பொழுதுபோக்கு ஓட்டுநர்களுக்கும் இடமுண்டு. சர்வதேச அமைப்பு ஓட்டுநர்களைத் திறனுக்கேற்பப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் எனத் தரம் பிரிக்கிறது. 2023ஆம் ஆண்டு நூற்றாண்டுப் பந்தயத்தில், தொடக்கத்திலேயே பழுதுபார்ப்பில் இரண்டு சுற்றுகளை இழந்த கார்வெட், நிக்கி காட்ஸ்பர்க், நிக்கோ வரோனே, டெக்சாஸின் கார் விற்பனையாளர் பென் கீட்டிங் ஆகியோரின் உழைப்பால் தன் பிரிவை வென்றது. 2024இல் ஜிடி3 விதிகளின் கீழ் புதிய பிரிவு தொடங்கியபோது, ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கலத் தர ஓட்டுநராவது கட்டாயம் இருக்க வேண்டும் என்றும், அவர் குறைந்தது ஆறு மணி நேரம் ஓட்ட வேண்டும் என்றும் வகுக்கப்பட்டது. அந்த ஆண்டு அப்பிரிவை வென்ற மான்டே அணியின் போர்ஷேயில் ரிச்சர்ட் லீட்ஸ், மோரிஸ் ஷூரிங் ஆகியோருடன் ஓட்டிய யாசர் ஷாஹின் ஆஸ்திரேலியத் தொழிலதிபர். சட்டம் கேட்ட வெண்கலத் தர ஓட்டுநர் அவரே.